விண்ணப்பத்தில் பழைய சம்பளம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வரும் விளம்பரங்களில் ஒரு வரி வழக்கமாகிவிட்டது: "கடைசியாகப் பெற்ற சம்பள விபரத்துடன் விண்ணப்பிக்கவும்." அதே விளம்பரம் தான் தரப்போகும் சம்பளத்தைப் பற்றி "தகுதிக்கேற்ற கவர்ச்சிகரமான சம்பளம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். தன் இலக்கத்தை மறைத்து வைத்துக்கொண்டு மற்றவரின் இலக்கத்தை முதலில் கேட்கும் இந்தப் பழக்கத்துக்கு வேலை தேடுபவர்கள் பணிய வேண்டியதில்லை என்பதே என் கருத்து. பழைய சம்பளத்தை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம். நேர்முகத்தில் நீங்களாக வாய் திறந்து சொல்லவும் வேண்டாம். தவிர்க்க முடியாத கட்டம் வந்தால் மட்டும் உண்மையை, உடைத்து, முழுவதுமாகச் சொல்லுங்கள்.

நம் ஊரில் சம்பளம் கேட்பது குற்றமல்ல. கலியாண வீட்டிலும் கேட்பார்கள், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரும் கேட்பார். அதனால்தான் நேர்முகத்தில் கேட்டதும் பிள்ளைகள் யோசிக்காமல் ஒப்புவித்துவிடுகிறார்கள். கலியாண வீட்டில் கேட்ட மாமா உங்கள் அடுத்த சம்பளத்தை எழுதப்போவதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எழுதப்போகிறார்.

அவர் எப்படி எழுதுவார் என்பதைக் கணக்காகப் பார்ப்போம். ஒரு நிறுவனம் கணக்கு உதவியாளர் பதவிக்கு மாதம் 80,000 ரூபா வரை ஒதுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்தவர் "கடைசிச் சம்பளம்: 45,000" என்று எழுதியிருக்கிறார். "20 வீதம் கூட்டிக் கொடுத்தால் போதும், சந்தோஷமாக வருவார்" என்று 54,000 முடிவாகும். வேலையின் பெறுமதி 80,000 ஆக இருந்தும் ஆளின் பழைய விலையே தீர்ப்பாகிவிட்டது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அந்த 45,000 பெரும்பாலும் அடிப்படைச் சம்பளம் மட்டுமே. அதே ஆளின் பேசீற்றை (மாதச் சம்பள விபரத் தாளை) எடுத்துப் பார்த்தால் அடிப்படை 45,000, மாதாந்த நிலையான கொடுப்பனவு 10,000, மேலதிக நேரம் சராசரி 9,000 என்று இருக்கும். ஊழியர் சேமலாப நிதியத்துக்கு அவர் பங்கான 8 வீதம் 55,000 இலிருந்து கழியும்; மேலதிக நேரக் கொடுப்பனவு அந்தக் கணக்கில் சேராது. கழிவு 4,400. முத்திரைக் கட்டணம் போன்ற சில்லறைகளை விட்டால் கையில் வருவது 59,600. முதலாளிக்கோ அந்த ஆளுக்கான செலவு இன்னும் கூட: மொத்தம் 64,000, அதன்மேல் சேமலாப நிதியத்துக்கு 12 வீதமாக 6,600, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமாக 1,650, ஆக 72,250. ஒரே ஆள், ஒரே மாதம், ஆனால் 45,000, 55,000, 59,600, 64,000, 72,250 என்று ஐந்து இலக்கங்கள். "கடைசிச் சம்பளம் என்ன?" என்ற கேள்வி இந்த ஐந்தில் எதைக் கேட்கிறது என்று படிவத்தில் ஒருபோதும் எழுதியிருக்காது. அடக்கமாக 45,000 என்று எழுதியவர், எல்லாம் உள்ளடங்கிய 54,000 ரூபா நியமனத்தை "20 வீத உயர்வு" என்று நம்பி வாங்கிக்கொள்கிறார். நிலையான வருமானத்தில் மட்டும் அவருக்கு 1,000 ரூபா குறைந்திருக்கிறது. புதிய இடத்தில் மேலதிக நேரம் இல்லையென்றால் 10,000.

நட்டம் அந்த மாதத்தோடு முடிவதில்லை. 80,000 இல் தொடங்கியிருக்க வேண்டியவர் 54,000 இல் தொடங்கினால் இடைவெளி 26,000. முதலாளி அதன்மேல் போட்டிருக்க வேண்டிய 12 வீதமும் 3 வீதமும் சேர்ந்து இன்னொரு 3,900 ஒவ்வொரு மாதமும் போகிறது. வருடம் 10 வீதப்படி உயர்வு என்றால், ஐந்து உயர்வுகளுக்குப் பிறகு அந்த 26,000 ஏறத்தாழ 41,900 ஆக வளர்ந்திருக்கும். பணிக்கொடைச் சட்டம் 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், ஐந்து வருடம் முடித்தவருக்கு, விலகும்போது, வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்கச் சொல்கிறது. அதுவும் கடைசியாக எடுத்த சம்பளத்தின்படி. ஆறு வருடம் முடித்து விலகினால் அங்கேயும் 1,25,000 ரூபாவுக்கு மேல் வித்தியாசம் வரும். மேலதிக நேரத்துக்கு மணித்தியாலக் கூலியின் ஒன்றரை மடங்கு என்பதால், அடிப்படை தாழ்ந்தால் அதுவும் தாழும். அடுத்த நேர்முகத்தில் இதே தாழ்ந்த இலக்கத்தைத்தான் மறுபடியும் கேட்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் இதனால் கூடுதலாக அடிபடுபவர்கள் யார் என்று பார்த்தால் மூன்று வகையினர் தெரிகிறார்கள். முன்பள்ளியிலோ தனியார் கல்வி நிலையத்திலோ சொற்பத் தொகைக்கு வருடக்கணக்காக நின்றுவிட்டு, கள உத்தியோகத்தர் அல்லது அலுவலக வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்கள் முதலாவது. பிள்ளைப்பேற்றுக்காக இடையில் விட்டவர்களும் இதில்தான்; பல வருடத்துக்கு முந்திய சம்பளத்தை வைத்து அவர்களை இன்று மதிப்பிடுவது வெறும் அநியாயம். இரண்டாவது, இங்கே வேலை செய்துவிட்டு கொழும்பு நிறுவனத்துக்கோ வீட்டிலிருந்தே செய்யும் தகவல் தொழில்நுட்ப வேலைக்கோ மாறும் இளைஞர்கள். கொழும்பு மேசைக்கு ஒதுக்கிய பணத்தை யாழ்ப்பாணச் சம்பளத்தோடு ஒப்பிட்டுக் குறைத்துவிடுவார்கள். மூன்றாவது வகை நேர்மாறானது. சர்வதேசத் தொண்டு நிறுவனத் திட்டத்தில் நல்ல சம்பளம் எடுத்து, திட்டம் முடிந்ததும் உள்ளூர் நிறுவனத்துக்கு வருபவர்கள். அவர்களின் இலக்கத்தைக் கண்டதும் "இவர் இங்க நிக்கமாட்டார்" என்று விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள். குறைந்த சம்பளத்துக்கு வர அவர் மனதார ஆயத்தமாக இருந்திருக்கலாம். அதைக் கேட்கும் கட்டமே வராது.

இனி நடைமுறைக்கு வருவோம். நேர்முகத்துக்கு முதல் உங்களுக்குத் தேவை இரண்டு இலக்கம்: இதற்குக் கீழே போகமாட்டேன் என்பது ஒன்று, இந்த வேலைக்கு இதுதான் நியாயம் என்பது மற்றது. முதலாவதை உங்கள் பேசீற்றிலிருந்து எடுங்கள். நிலையான வருமானம் முழுவதையும் கூட்டி, போனஸ் இருந்தால் பன்னிரண்டால் பிரித்துச் சேர்த்து, புதிய இடத்துக்குப் போய்வரும் செலவையும் அதன்மேல் போடுங்கள். கோண்டாவிலிலிருந்து நகருக்குச் சைக்கிளில் போனவருக்குக் கிளிநொச்சியில் வேலை கிடைத்தால் பஸ் காசும் மதியச் சாப்பாடும் சம்பள உயர்வின் பாதியைத் தின்றுவிடும். இரண்டாவது இலக்கத்துக்கு, அதே பதவியில் இருந்து அண்மையில் விலகிய ஒருவரிடம் பேசுங்கள். இருக்கிறவர் சொல்லத் தயங்குவார், விலகியவர் சொல்வார். கேட்கும்போது "நீங்கள் எவ்வளவு எடுத்தீர்கள்?" என்று கேட்காமல் "இந்த வேலைக்கு அங்கே எதிலிருந்து எதுவரை கொடுப்பார்கள்?" என்று கேட்டால் பதில் சுலபமாக வரும்.

கடதாசிப் படிவத்தில் "கடைசியாகப் பெற்ற சம்பளம்" என்ற கட்டத்தில் "நேர்முகத்தில் பேசலாம்" என்று எழுதுங்கள். வெறுமையாக விட்டால் கவனக்குறைவு என்று நினைப்பார்கள். "எதிர்பார்க்கும் சம்பளம்" என்ற கட்டத்தில் இத்தனை முதல் இத்தனை வரை என்று ஒரு வீச்சை எழுதலாம். ஆனால் கீழ் எல்லையைத்தான் அவர்கள் வாசிப்பார்கள் என்பதால், அந்தத் தொகைக்கு உண்மையிலேயே போக விரும்பினால் மட்டும் எழுதுங்கள். பல இணையப் படிவங்கள் இலக்கம் போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. அங்கே 0 போட்டுவிட்டு, குறிப்புக் கட்டத்திலோ முகப்புக் கடிதத்திலோ "சம்பளத்தை நேர்முகத்தில் தெரிவிப்பேன் என்பதால் அந்தக் கட்டத்தில் 0 இட்டிருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். சில நிறுவனங்களில் கணினியே 0 உள்ள விண்ணப்பங்களைத் தள்ளிவிடக்கூடும், அந்த ஆபத்து இருக்கிறது. கட்டாயம் வேண்டிய வேலை என்றால் அடிப்படையை விட்டுவிட்டு மொத்தத்தைப் போடுங்கள்.

நேர்முகத்தில் "இப்ப எவ்வளவு எடுக்கிறீங்கள்?" என்று கேட்டால் முகத்தைச் சுளிக்கத் தேவையில்லை. "சேர், இப்ப நான் செய்யிற வேலையின்ர பொறுப்பு வேற. இந்தப் பதவிக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கிற வீச்சைச் சொன்னால் அதுக்குள்ள பேசலாம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லலாம். பாதிப் பேர் அத்தோடு தங்கள் இலக்கத்தைச் சொல்லிவிடுவார்கள். இரண்டாம் தரமும் கேட்டால் எதிர்பார்ப்பைச் சொல்லுங்கள்: "75 இலிருந்து 85 வரை எதிர்பார்க்கிறன், மாதக் கணக்கு முடிப்பதும் வற் கணக்கும் நான் தனியச் செய்வன்." இலக்கத்தோடு காரணமும் சேர்ந்து வரவேண்டும். வெறும் இலக்கத்தைச் சொன்னால் பேரம் தொடங்கும். சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். மௌனம் பொறுக்காமல் "இல்லை, கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை" என்று தாங்களே இறங்கிக் கெடுத்துக்கொள்பவர்கள்தான் கூட. இப்போதுள்ள நியமனக் கடிதத்தில் சம்பளத்தை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் அதையும் சொல்லலாம், இருந்தால் மட்டும். மூன்றாம் தரமும் விடாமல் கேட்டால் அதற்கு மேல் மறைப்பது உறவைக் கெடுக்கும். அப்போது "நிலையான வருமானம் 55, மேலதிக நேரத்தோடு சராசரி 64, அதைவிட போனஸ், மருத்துவக் காப்புறுதி" என்று பிரித்துச் சொல்லி, அதே மூச்சில் எதிர்பார்ப்பையும் மறுபடி சொல்லிவிடுங்கள்.

பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லவே வேண்டாம். நியாயம், ஒழுக்கம் ஒருபுறம் இருக்கட்டும். இது சிறிய ஊர். நிதி நிறுவனங்களிலும் வங்கிகளிலும் நியமனத்துக்கு முதல் கடைசி மூன்று மாதப் பேசீற் கேட்பது வழமை. கணக்காளருக்குக் கணக்காளர் தெரிந்திருக்கும், ஒரு தொலைபேசி அழைப்பில் விஷயம் முடிந்துவிடும். விண்ணப்பத்தின் அடியில் நீங்கள் ஒப்பமிடும் உறுதிமொழி, தந்த விபரம் பொய்யென்று கண்டால் நியமனத்தை இரத்துச் செய்யலாம் என்கிறது. தகுதிகாண் காலத்தில் அகப்பட்டால் கையில் பழைய வேலையும் இல்லை, புதிய வேலையும் இல்லை. பேசீற்றில் இலக்கத்தை மாற்றி அச்சிடுவது மோசடி, அதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. சொல்லாமல் விடும் உரிமை உங்களுக்கு உண்டு. பொய் சொன்னால் அந்த உரிமையும் போய்விடும்.

ஆவணங்கள் விஷயத்தில் பலர் அறியாமலேயே இலக்கத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். விலகும்போது வாங்கும் சேவைச் சான்றிதழில் பதவி, காலம், கடமைகள் போதும். சம்பளத்தைக் குறிப்பிட வேண்டாம் என்று முன்கூட்டியே கேளுங்கள். விண்ணப்பத்தோடு இணைக்கும் பழைய நியமனக் கடிதத்தின் பிரதியிலும் சம்பளம் இருக்கும், அதற்குப் பதிலாகச் சேவைச் சான்றிதழை இணைக்கலாம். "சேமலாப நிதியத்தில் பதிய வேண்டும், அதனால் பழைய சம்பளம் தேவை" என்று சில இடங்களில் சொல்வார்கள். புதிய பதிவுக்கு அடையாள அட்டை விபரம் தேவை, பழைய சம்பளம் தேவையில்லை. மாதம் 150,000 ரூபாவுக்கு மேல் எடுத்து வரி கழிக்கப்பட்டவர்களுக்கு முதலாளி தரும் ரி.10 சான்றிதழ் உங்கள் வருமான வரித் திரட்டுக்கானது. நேர்முகக் கோவைக்குள் அதை வைத்துக்கொண்டு போகாதீர்கள். பேசீற் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், சம்பளம் எழுதிய நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு கொடுங்கள். அதற்கு முதல் கொடுத்தால் அது பேரத்துக்குத்தான் பயன்படும்.

சொல்வதால் நன்மை வரும் இடங்களும் உண்டு. இப்போதைய சம்பளம் சந்தை விலைக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்து, அதற்குக் கீழே போக முடியாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும். விற்பனைத் துறையில் கொமிஷன் வருமானம் உங்கள் திறமைக்குச் சாட்சி, அதைக் காட்டலாம். அரச சேவையில் சம்பளக் குறியீடு முன்பே தீர்மானிக்கப்பட்டது, நீங்கள் எதைச் சொன்னாலும் மாறாது. ஐ.நா. அமைப்புகளின் பழைய பி.11 என்ற வேலை விண்ணப்பப் படிவம் ஒவ்வொரு வேலைக்கும் ஆரம்பச் சம்பளம், இறுதிச் சம்பளம் இரண்டையும் கேட்டது. அங்கேயும் பதவியின் தரத்துக்கேற்ற சம்பள அளவுத்திட்டம் உண்டு. அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யூ.எஸ்.எயிட்டின் நிதியில் நடந்த திட்டங்களில் கடந்த மூன்று வருடச் சம்பளத்தைக் கேட்கும் தனிப் படிவமே இருந்தது. அந்த நிதி நின்றுபோன பிறகும் கேட்கும் பழக்கத்தைச் சிலர் விடவில்லை. வங்கிக் கடனுக்கும் விசாவுக்கும் சம்பளம் காட்டுவது வேறு விஷயம், அதை இதோடு குழப்ப வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், இலங்கையில் பழைய சம்பளத்தைக் கேட்பதற்குத் தடை இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேவைக்கு மிஞ்சிய தரவைச் சேகரிக்கக் கூடாது என்ற கொள்கையைக் கொண்டது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. ஆகக்குறைந்த சம்பளம் மட்டும் தெளிவாக இருக்கிறது: 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. பழைய இடத்தில் 20,000 தான் எடுத்தீர்கள் என்பதைக் காட்டி இதற்குக் கீழே யாரும் எழுத முடியாது. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு நியமன விபரங்களை எழுத்தில் தரவேண்டும். அடிப்படை வேறு, கொடுப்பனவு வேறாக அதில் இருக்கிறதா என்று பாருங்கள். "மூன்று மாதத்தில கூட்டித் தருவம்" என்ற வாய்ச்சொல்லை அந்தக் கடிதத்தில் திகதியோடும் தொகையோடும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வெளிநாடுகளில் நிலைமை மாறிவருகிறது. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலம் 2016 இல் நிறைவேற்றிய சட்டம் 2018 ஜூலை முதல் இந்தக் கேள்வியைத் தடுத்தது. நியூயோர்க் நகரம் 2017 இலேயே தடையை நடைமுறைப்படுத்தியது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா 2023 இல் தடுத்தது. ரொறன்ரோவில் உள்ள நம் உறவினர்களைக் கேட்டால் தெரியும்: ஒன்ராறியோவில் 25 பேருக்கும் அதற்கு மேலும் வேலை கொடுப்பவர்கள் 2026 ஜனவரி முதல் பொது விளம்பரத்தில் எதிர்பார்க்கப்படும் சம்பளத்தையோ அதன் வீச்சையோ போடவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பணிப்புரையும், உறுப்பு நாடுகள் 2026 ஜூனுக்குள் இதே வழிக்கு வரவேண்டும் என்கிறது. பெண்களின் பழைய குறைந்த சம்பளம் ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தொடர்ந்து வருவதை நிறுத்துவதே இந்தச் சட்டங்களின் பிரதான நோக்கங்களில் ஒன்று.

நிறுவனங்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு: "எங்கட பாதீட்டுக்குச் சரிவராத ஆளைக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் நேரம் வீணாகும்." உண்மைதான். ஆனால் அதற்கு அவர்கள் தங்கள் பாதீட்டைச் சொன்னாலே போதும். விளம்பரத்தில் வீச்சைப் போட்டால் சரிவராதவர்கள் தாமாகவே விண்ணப்பிக்கமாட்டார்கள். குறைத்து எடுத்தவர் பக்கத்து மேசைக்காரரின் சம்பளத்தை ஒருநாள் அறிந்துகொள்வார், நம் ஊரில் அதற்கு அதிக நாள் எடுக்காது. வேலை பழகி முடிந்த கையோடு அவர் வேறிடம் போனால், அடுத்தவரைப் பழக்கும் செலவு மிச்சம் பிடித்ததைவிடக் கூட வரும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேலைவாய்ப்பு விளம்பரம் பெறும் உங்கள் கருமபீடத்தில், விளம்பரதாரர் நிரப்பும் தாளில் "சம்பள வீச்சு: ........ முதல் ........ வரை" என்று ஒரு வரியைச் சேருங்கள். அதன் கீழே "சேமலாப நிதியம் கணிக்கப்படும் தொகை" என்று இன்னொரு வரி. நிரப்பாதவர்களின் விளம்பரத்தை மறுக்கச் சொல்லவில்லை. நிரப்பியவர்களின் விளம்பரங்களை முதலில், ஒன்றாக அச்சிடுங்கள். "கடைசியாகப் பெற்ற சம்பள விபரத்துடன்" என்ற சொற்களை எடுத்துவிட்டால் அந்த இரண்டு வரிக்கும் இடம் கிடைத்துவிடும், விளம்பரக் கட்டணமும் கூடாது.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கு எழுதும் வாசகர்,
கொக்குவில்.